பித்தளை என்ஜினும் ஓர் உருண்டைப் புளியும்

நான் செய்த தப்புகளிலேயே ரொம்பப் பளபளப்பான தப்பு ஒன்று உண்டு. செய்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் மங்கவில்லை.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மணலூர்பேட்டையில் என் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வீட்டு விசேஷத்துக்கு முன்னால் ஜனங்கள் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் கறுத்துப்போன குத்துவிளக்குகளையும் அண்டாக்களையும் தேய்த்துக் கொடுப்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் பொறுப்பு. "எங்க தேன்மொழி கை பட்டா பித்தளை தன்னைத் தங்கம்னு நெனச்சிக்கும்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் அதை அப்படியே நம்பினேன். (படிப்பு விஷயத்தில் என்னைப் பற்றி யாரும் இந்த அளவுக்குச் சொன்னதில்லை. கிடைத்த பேரை விடுவானேன்?) பிறகு லேப் டெக்னீஷியன் படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் ஊசி வந்தது. ஆனால் மனசுக்குள் நான் பித்தளைக்காரிதான்.

அப்போதுதான் குமரேசன் ஜாதகத்தைத் தரகர் கொண்டுவந்தார்.

"பையனுக்கு டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்குதுங்க. குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. ரயிலு மட்டும் கொஞ்சம் உண்டு."

"ரயிலா?" என்றார் அப்பா.

"பொம்மை ரயிலுங்க. மாடில ரூம் போட்டு ஓட்டிக்கினு இருக்காரு. ஒண்ணும் சத்தம் வராது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். சத்தம் வராத கெட்ட பழக்கம்தானே என்று மூன்று பேருக்கும் தோன்றியது. கல்யாணம் நடந்தது.

மறுவீடு முடிந்து கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிய அன்று குமரேசன் என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூட்டில் மூன்று தடவை தப்புச் சாவியைப் போட்டார். தாலி கட்டும்போதுகூட அவர் இப்படித் தடுமாறவில்லை.

கதவைத் திறந்தார். உள்ளே கல்வராயன் மலை இருந்தது.

மிகைப்படுத்தவில்லை. அறையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு, என் இடுப்பு உயரத்தில் தொடங்கி தலைக்கு மேல் வரை மலை ஏறிப் போயிற்று. அடிவாரத்தில் கச்சிராயபாளையத்துக் கரும்புத் தோட்டம், துடைப்பக் குச்சி நுனிகளைப் பச்சை வண்ணத்தில் தோய்த்து நட்டது. பக்கத்தில் கோமுகி அணை. தண்ணீருக்குப் பதில் கண்ணாடி. அதற்கு மேலே செம்மண் சரிவும், தேங்காய் நாரில் செய்த மரங்களும், சாமை விளையும் மேட்டு நிலமும். உச்சியில் வெள்ளிமலைச் சந்தை. சந்தையில் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான மனிதர்கள் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையில் பலாப்பழம் வைத்திருந்தாள்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு தண்டவாளம் வளைந்து வளைந்து ஏறியது. நான்கு குகை, இரண்டு பாலம்.

"ரயில் பாக்கணும்னா நாம சின்னசேலம் போகணும். கள்ளக்குறிச்சிக்கே லைன் கிடையாது, மலைக்கு எங்க வரப்போகுது?" என்றார் குமரேசன். "அதான் நானே போட்டுட்டேன்."

ஒரு குமிழைத் திருகினார். அடிவாரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஒரு சாண் நீள என்ஜின், பின்னால் நான்கு பெட்டிகளோடு, மலையை நோக்கிப் புறப்பட்டது. முதல் குகைக்குள் போய் மறைந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளியே வந்தது. பாலத்தில் ஏறியபோது கீழே அணைத் தண்ணீரில் அதன் விளக்கும் கூடவே ஓடியது. கல்வராயன் மலைக்கு நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போய் வாந்தி எடுத்திருக்கிறேன். அந்த மலை இத்தனை அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. இந்த மனிதர் தன் கையால், வேண்டும் என்று ஆசைப்பட்ட ஓர் உலகத்தைச் செய்து வைத்திருக்கிறார்.

குமரேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"எவ்ளோ தூசிங்க!" என்றேன்.

(இதற்காக நான் தனியாக ஒரு கட்டுரை எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டும்.)

அவர் பாவம், கோபித்துக்கொள்ளவில்லை. "கூட்டிக்கோ. ஆனா தண்டவாளத்த மட்டும் தொட்டுடாத" என்றார். நான் தண்டவாளத்தைத் தொடவில்லை. இதை நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அவரைப் போலவே இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். விழுப்புரம், சேலம், விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை என்று சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்தவர்களை வாட்ஸ்அப் சேர்த்து வைத்திருந்தது. அவர்கள் பேச்சு பூராவும் எந்த என்ஜின் உசத்தி என்பதுதான். டீசல் கட்சி, மின்சார என்ஜின் கட்சி, நீராவிக் கட்சி. கல்யாணமான புதிதில் ஒருநாள் குமரேசன் போனில், "அவ மூக்கு இருக்கே, அந்தக் குட்டை மூக்கு, அதுக்கே உயிரக் குடுக்கலாம்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் அவருக்குக் காபி போடாமல் இருந்தேன். மூன்றாம் நாள்தான் அவள் ஒரு டீசல் என்ஜின் என்று தெரிந்தது. படத்தையும் காட்டினார். மூக்கு குட்டைதான்.

கல்யாணமான ஐந்தாவது மாதம் அந்தக் கோஷ்டி எங்கள் வீட்டில் கூடுவதாக முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு என்ஜின், தன் மனசுக்கு மிகவும் பிடித்ததை, கொண்டுவர வேண்டும். எங்கள் மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் சீட்டு எழுதிப் போட்டு, எல்லோருக்கும் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குமரேசனுக்குக் கால் தரையில் இல்லை. எங்கள் மலையை முதல் முறையாக நாலு பேர் நேரில் பார்க்கப்போகிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு பல் டாக்டர் அந்தக் கோஷ்டியில் இருந்தார். பெயர் பரணிதரன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னசேலம் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. கூட்டத்தில் என்ஜினைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று வியாழக்கிழமையே கடைக்கு வந்து குமரேசனிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அப்போது லேபில் இருந்தேன். எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று அவர் அரை மணி நேரம் சொன்னாராம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு வார்த்தைகூட என் காதுக்கு வந்து சேரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குமரேசன் வேன் எடுத்துக்கொண்டு சின்னசேலம் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆட்களை ஏற்றிவரக் கிளம்பினார். நான் மாடியைப் பெருக்கப் போனேன்.

வெள்ளிமலை ஸ்டேஷனில் புதிதாக ஒரு என்ஜின் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்து மீட்டர்கேஜ் நீராவி என்ஜின். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன கோலம்! உடம்பெல்லாம் கரி. படிக்கட்டில் துரு. வயிற்றுப் பக்கம் சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கறை. சக்கரங்களிலும் பின்னால் ஒட்டிய நிலக்கரிப் பெட்டியிலும் எண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்தில் குமரேசனின் மற்ற என்ஜின்கள் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தன. இது மட்டும் செங்கல் சூளையில் புரண்டுவிட்டு வந்ததுபோல நின்றது.

யாரோ குமரேசனின் தலையில் பழைய சரக்கைக் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். விரல் நகத்தால் அடியில் லேசாகச் சுரண்டினேன்.

மஞ்சளாக மின்னியது. பித்தளை!

அந்த நொடியில் எனக்குள்ளே மணலூர்பேட்டை எழுந்து நின்றது.

என்ஜினைக் கீழே எடுத்துக்கொண்டு வந்தேன். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்தேன். கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, புளித்தண்ணீர்க் கிண்ணத்தில் என்ஜினை முழுசாக முக்கினேன். குமிழி குமிழியாக வந்தது. (மூச்சு விடுகிறது என்று அப்போது நினைத்தேன். அது கடைசி மூச்சு.) பழைய பல் பிரஷ்ஷை எடுத்துத் தொடங்கினேன்.

அத்தை வந்து எட்டிப் பார்த்தார். குமரேசனின் அம்மா, சொந்த ஊர் நைனார்பாளையம்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கற? எல்லாரும் வர்ற நேரம்!"

"பாருங்க அத்த, இந்த ரயில. இந்த அழுக்கோட நின்னா நம்ம வூட்டப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

அத்தை கூர்ந்து பார்த்தார். முகம் மாறியது. "அய்ய, நாசமாப் போவ! குடு, அந்தப் பின்னாடி பெட்டிய நான் தேய்க்கறேன்."

இருவரும் முக்கால் மணி நேரம் தேய்த்தோம். நான் தேய்த்த பொருள்களிலேயே என்னைப் பிரமிக்க வைத்தது அதுதான் என்று சத்தியம் செய்வேன். கரி விலக விலக ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வரிசை வரிசையாக ஆணித் தலைகள், ஒவ்வொன்றும் கசகசா அளவு. கொதிகலன் ஓரமாக, சேமியாவைவிட மெல்லிய ஒரு கைப்பிடிக் கம்பி. டிரைவர் நிற்கும் இடத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே நெம்புகோல்கள், ஒரு குட்டிக் கடிகார முகம்கூட இருந்தது. குண்டூசித் தலைக்குள் அதை யார் செய்தார்கள், எந்தக் கண்ணால் பார்த்துச் செய்தார்கள்! குமரேசன் ஏன் மணிக்கணக்கில் மாடியில் கிடக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இது விளையாட்டுப் பொருளில்லை, கோயில் வாசலில் நின்று கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டிய பொருள் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அந்த வெள்ளைக் கறை மட்டும் போகவே மாட்டேன் என்றது. எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தேன். போயிற்று.

துடைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். கொல்லை முழுக்க வெளிச்சம் அடித்தது.

"யம்மாடி! தங்கமாட்டம் இருக்குதும்மா!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து, புகைபோக்கிக்குக் கீழே ஒரு பொட்டு வைத்தார். "ஆயுத பூசைக்கு வண்டிக்கு வெக்கறோம், இதுக்கு வெச்சா இன்னா?"

கொண்டுபோய் வெள்ளிமலை ஸ்டேஷனில் நிறுத்தினோம். நியாயமாகவே பெருமையாக இருந்தது.

ஒன்பதரை மணிக்கு வேன் வந்தது. பத்துப் பேர். ஒன்பது பேர் அட்டைப் பெட்டியோ பையோ ஏதோ ஒன்றை மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பல் டாக்டர் மட்டும் வெறுங்கையோடு, நிச்சயதார்த்தப் பட்டு வேட்டியில் வந்தார். எல்லோரும் மாடி ஏறினார்கள். மலையைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் குனிந்து குகைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். குமரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் காபித் தட்டோடு வாசலில் நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நல்ல நிமிஷம் வந்ததில்லை. சரியாக ஒரு நிமிஷம்தான் வந்தது.

"நம்ம வண்டி எங்கீங்க குமரேசன்?" என்று டாக்டர் கேட்டார்.

குமரேசன் வெள்ளிமலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் முன்னால் வந்தேன். "இதான் சார் உங்க வண்டியா? அடையாளம் தெரியல இல்ல? தேய்ச்சா அப்படித்தான் இருக்கும்" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் குனிந்து மூக்கு படுகிற தூரத்தில் என்ஜினைப் பார்த்தார்.

"குங்குமம்?"

"அது அத்தை வெச்சாங்க சார்."

"எதுல தேச்சீங்க?" எத்தனை நாளாக வலிக்கிறது என்று நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"புளிங்க சார். கடைசியா கொஞ்சம் எலுமிச்சம்பழம்."

"எலுமிச்சம்பழம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பாய்லர் பக்கத்துல ஒரு வெள்ளைக் கறை இருந்துச்சுங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்! போகவே மாட்டேன்னுச்சு. அதுக்குத்தான் எலுமிச்சம்பழமே."

"அது வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காபித் தட்டை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். குமரேசன்தான் எனக்கு விளக்கினார். குரல் தரையோடு போயிற்று. அந்தக் கரி, கரியில்லை. பித்தளையை மருந்து வைத்துக் கறுக்க வைத்தது. அந்தத் துரு, துருவில்லை. பல்லுக்குப் பூசுகிற பிரஷ்ஷால் டாக்டர் ஒவ்வொரு பொட்டாகப் பூசியது. இதற்கு வெதரிங் என்று பெயர். நிஜ என்ஜின் வெயிலிலும் மழையிலும் உழைத்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்வது. எந்த ஆணியில் எவ்வளவு துரு என்று பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். இரண்டு வருட வேலை. அந்தக் கோஷ்டி முழுக்கப் பார்க்கத் தவம் கிடந்தது அந்த என்ஜினுக்காக அல்ல, அதன் அழுக்குக்காக.

டாக்டர் என்ஜினைக் கையில் எடுத்தார். சாய்த்தார். ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர் கொட்டியது.

நான் கீழே ஓடிச் சமையலறையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. முதல் முறையாக வீட்டுக்கு வந்த பத்துப் பேருக்கு முன்னால் குமரேசனை நான் என்ன செய்துவிட்டேன்! அந்த மலையை அவர் எட்டு வருடமாகக் கட்டியிருந்தார். இனி அந்த மலை என்றாலே இவர்களுக்குப் புளிதான் ஞாபகம் வரும்.

அத்தை வந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டார்.

"பின்னாடி பெட்டிய நான்தான தேச்சேன்? நீ மட்டும் எதுக்கு அழுதுகினு கெடக்கற?" என்று சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடி ஏறினார். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டரே" என்றார் அத்தை. "எம் மருமவள ஒண்ணும் சொல்லாதீங்க. பாதி நான் தேச்சது. பொட்டு வெச்சதும் நான்தான். அழுக்க வேணும்னே பூசி வெப்பாங்கன்னு எங்களுக்கு எப்டிங்க தெரியும்? எங்க வூட்டுல அழுக்கு அதுவாதான் வரும்."

யாரோ ஒருவர் பின்னால் கனைத்தார். அது கனைப்பு இல்லை, அடக்கிய சிரிப்பு. எலவனாசூர்கோட்டை பஸ் கண்டக்டர் ஆறுமுகம் அவர். டாக்டரின் உதடும் லேசாக அசைந்தது. ஆனால் கண்ணில் இன்னும் துக்கம்.

"மோட்டார் போயிருக்கும்ங்க" என்றார். "திறந்து பாக்கணும். எனக்குக் கை நடுங்குது."

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. என்னால் அந்த அழுக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் என் கை நடுங்காது. பிறந்து பத்து நாளான குழந்தையின் கையில் நரம்பு தேடிக் கண்டுபிடிக்கிற கை அது.

"நான் பண்றேன் சார். நீங்க சொல்லுங்க" என்றேன்.

காலையில் புளி போட்டவளிடமே ஆபரேஷனையும் ஒப்படைப்பதா என்று பத்து முகத்திலும் எழுதியிருந்தது. டாக்டர் என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து நீட்டினார்.

வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். டாக்டர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் சொன்னார். கடுகு அளவு திருகுகள் ஆறு. ஒன்று கீழே விழுந்தால் தேட முடியாது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். வேர்த்து ஊற்றியது. பத்துப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். திறந்ததும் உள்ளே இருந்ததைப் பார்த்து என் பயம்கூட ஒரு கணம் மறந்துபோயிற்று. சுண்டுவிரல் கணு அளவு மோட்டார். அதிலிருந்து இறங்கும் பல்சக்கரங்கள், ஒவ்வொரு பல்லும் எறும்பின் கால் மாதிரி. அத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தி, இந்த ஒரு சாண் உடம்பை மலைமேல் இழுத்துக்கொண்டு போகிறது!

என் லேப் பையில் இருந்த ஸ்பிரிட்டை ஊசியில் எடுத்து ஒவ்வொரு இடுக்கிலும் பீய்ச்சினேன். பழுப்பாகப் புளி வந்தது. பிறகு தெளிவாக வந்தது. எல்லாவற்றையும் ஓர் எவர்சில்வர் தட்டில் அடுக்கி மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். காக்காய் தூக்கிவிடக் கூடாதே என்று டீ வடிகட்டிகளைக் கவிழ்த்து மூடினோம். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. டீசல் கட்சியும் நீராவிக் கட்சியும் முறை போட்டுக்கொண்டு குடை பிடித்துக் காவல் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வடாமா?" என்று கேட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பூட்டினேன். டாக்டர் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் விட்டார். அடிவார ஸ்டேஷனில் வைத்தோம். குமரேசன் குமிழைத் திருகினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் திருகினார். உள்ளே ஒரு கொசுவின் முனகல் கேட்டது. சக்கரம் கால்வாசி சுற்றியது. நின்றது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல, புறப்பட்டது.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மலைமேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பித்தளை என்ஜின் கரும்புத் தோட்டத்தைத் தாண்டும்போது தோட்டமே மஞ்சளாயிற்று. செம்மண் சரிவில் ஏறியபோது அதன் வெளிச்சம் மண்மேல் ஊர்ந்து கூடவே வந்தது. குகைக்குள் நுழையும்போது குகைவாய் பளீரென்று எரிந்து அணைந்தது. பாலத்தில், கண்ணாடித் தண்ணீருக்குள் இன்னொரு தங்க என்ஜின் தலைகீழாக ஓடியது. ரயிலே இல்லாத மலைமேல் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டியதில் என் விரலுக்கும் பங்கு இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும், இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

வெள்ளிமலையில் போய் நின்றது.

"இதுல இவ்ளோ ஆணி இருக்குன்னு நானே மறந்துட்டேங்க" என்றார் டாக்டர்.

சீட்டு எழுதிப் போட்டார்கள். கதை என்றால் தங்க என்ஜின்தான் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்தது ஆறுமுகம் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிச் செய்த நீல நிற டீசல். (குட்டை மூக்கு. நானே பார்த்து மயங்கிவிட்டேன்.) பித்தளைக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அது யாருடையது என்று பார்த்தால், கோஷ்டியில் இல்லாத அத்தை தானாகவே ஒரு சீட்டை எடுத்து, "நாங்க தேச்சது" என்று எழுதிப் போட்டிருந்தார்.

கிளம்பும்போது டாக்டர் என்ஜினை எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியோடு என் கையில் கொடுத்தார்.

"நீங்களே மறுபடி அழுக்காக்கிக் குடுங்க."

"எனக்குத் தெரியாதே சார்!"

"அந்த அழுக்க என்னைத் தவிர முழுசா பார்த்தது நீங்க ஒருத்தர்தாங்க. ஒவ்வொரு இடுக்கா தேச்சிருக்கீங்க. எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

யோசித்துப் பார்த்தேன். தெரிந்தது. அந்த வெள்ளைக் கறை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்ணை மூடினாலும் தெரிந்தது.

அதற்குப் பதினொரு மாதம் ஆயிற்று. பித்தளைக்காரர் மகளான நான் அழுக்குப் படிக்க ஆரம்பித்தேன். லேபிலிருந்து வரும் வழியில் நின்று பஸ்களின் பின்புறத்தைப் பார்த்தேன். கரும்பு லாரிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ("என்னம்மா, ஏதாவது விழுந்துடுச்சா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள்.) வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கொப்பரைக்கு அடியிலிருந்து கரி சுரண்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குமரேசனோடு பைக்கில் கல்வராயன் மலைக்குப் போய், கரியாலூர் பக்கம் ஒரு வளைவு, சேராப்பட்டு பக்கம் ஒரு வளைவு என்று விதவிதமான செம்மண்ணை மருந்து பாட்டில்களில் அள்ளி வந்தேன். துரு தன் இஷ்டத்துக்கு வருவதில்லை. தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே வருகிறது, எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் இறங்குகிறது. டிரைவரின் கை தினமும் படுகிற கம்பி மட்டும் கறுக்காமல் இருக்கிறது. அத்தனை வருடமாக நான் தேய்த்துத் தள்ளியதெல்லாம் ஒவ்வொரு பொருளும் தன் கதையை எழுதி வைத்திருந்த எழுத்து.

என்ஜினைச் சேலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் பல் பார்க்கிற விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, வெளியே மூன்று நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, கால் மணி நேரம் பார்த்தார்.

"என்னோடதைவிட மோசமா இருக்குதுங்க" என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. அப்புறம்தான் அவர் சிரிப்பதைப் பார்த்தேன். அந்தக் கோஷ்டியில் அது பாராட்டு.

இப்போது கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எனக்குப் பார்சல் வருகிறது. பளபளவென்று புது என்ஜின்கள். துரு, கரி, எண்ணெய், மண் எல்லாம் ஏற்றித் திருப்பி அனுப்புகிறேன். போன வாரம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா அத்தையிடம், "உங்க வூட்டுக்கு தெனமும் பார்சல் வருதே, மருமவ இன்னா வேல பாக்கறாங்க?" என்று கேட்டார்.

அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "ஊருல இருக்கறவங்க புது ரயிலா வாங்கி அனுப்புவாங்க. எம் மருமவ அத நாசம் பண்ணித் திருப்பி அனுப்புவா. அதுக்கு அவங்க போன் போட்டு டேங்க்ஸ் வேற சொல்றாங்கம்மா!"